மூலையில் இருந்த கூம்பு

அப்படியென்றால் காடி, வார்ப்பில் வெட்டவேண்டிய பள்ளம், வலது பக்கம்தான் வரவேண்டும், வேறெங்கே வரும், முன்பக்கப் படம் நடுவில் இருக்கிறது, அதற்கு இடது பக்கம் இன்னொரு படம், அதில் காடி பளிச்சென்று தெரிகிறது, இடது பக்கம் வரைந்திருந்தால் அது வலதுபுறம் நின்று பார்த்தது, நம் ஊர் வரைபடத் தாள்களில் என்றைக்கும் அப்படித்தான்... ஆனால் அதே தாளின் மேலே சாய்வாக ஒரு படம், ஒரே பார்வையில் மூன்று முகத்தையும் காட்டுகிற படம், அதில் காடி இடது பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இரண்டில் ஒன்று பொய். சாய்ந்த படத்தை நான் நம்புவதில்லை, மூன்று முகத்தை அழகாகக் காட்டுகிறவன் மற்ற மூன்றை எதற்கு மறைக்கிறான்? மில்லிங் மிஷினில் வார்ப்பை இறுக்கியாகிவிட்டது, இருப்பது ஒன்றே ஒன்று, தப்பாக வெட்டினால் கொரியாவிலிருந்து வந்த பாசன பம்பு ஓடாது, தொக்மோக் ஊருக்குக் கீழே சர்க்கரைக்கிழங்கு வயல் அத்தனையும் காயும், இந்த அசான்குல் கிழவனுக்குக் கண் அவிந்துவிட்டது என்று சந்தையில் பேசுவார்கள். பேசட்டும்... இல்லை, பேசக்கூடாது.

சாப்பாட்டு டப்பாவில் அவித்த உருளைக்கிழங்கு இரண்டு இருந்தது, என் மனைவி ஜிபெக் தோலை உரித்துத்தான் வைப்பாள், பல் இல்லாதவனுக்கு வைக்கிற மாதிரி. கத்தியை எடுத்து நேர்ப் படங்கள் இரண்டும் சொன்னபடி ஒன்றைச் செதுக்கினேன், சாய்ந்த படம் சொன்னபடி மற்றதை. பக்கத்தில் வைத்தால் ஒன்று கண்ணாடிக்குள் நிற்கிற மற்றது. எங்கேயோ பார்த்திருக்கிறேன் இந்த ஜோடியை... எங்கேயோ என்ன, எண்பத்தாறில், பழைய தொழிற்சாலையில், ஜப்பான் மிஷினின் உடைந்த துண்டும் அதற்குப் பதிலாக நான் வெட்டிய துண்டும் இப்படித்தான் மேலதிகாரி மேஜைமேல் கிடந்தன, இடது வலதாக, வலது இடதாக. தாளில் இருந்ததைத்தான் வெட்டினேன் என்றேன். ஜப்பான் தாளைப் பார்த்துப் படியெடுத்தது யார் என்றார்கள். ஜிபெக் என்றேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். வரைபட அறையிலிருந்து சமையல்கூடத்துக்கு அனுப்பினார்கள், தொழிற்சாலை மூடும்வரை அங்கே உருளைக்கிழங்கு உரித்தாள். நான் பொய் சொல்லவில்லையே, தாளில் இருந்ததைத்தானே வெட்டினேன்?

இஞ்சினியர் பெண் சைகல் வந்து உருளைக்கிழங்கைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன பைக்கே, பம்பை சாப்பிடப் போறீங்களா?" பெரியவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அண்ணன் மாதிரி, மரியாதைக்குக் குறைவில்லை. "சாய்ஞ்ச படம் ஒண்ணு சொல்லுது, மத்த படம் ஒண்ணு சொல்லுது. எவனை நம்புறது?" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது, நீங்க நம்ம வழக்கப்படி படிக்கிறீங்க. மூலையில கூம்பு பாத்தீங்களா? வட்டம் இடது பக்கம், கூம்பு வலது பக்கம். அப்படிப் போட்டிருந்தா, இடது பக்கம் நின்னு பாத்ததை இடது பக்கமே வரைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். ஜப்பான், கொரியா மாதிரி வெளிநாட்டுத் தாள்ல போடுவாங்க." நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நுனி வெட்டிய கூம்பு, பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டம், விரல் நகத்தளவு. "கம்பெனி முத்திரைன்னு நெனச்சேன்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க" என்றாள், பெருந்தன்மையாக, எனக்கு எரிந்தது.

காடியை இடது பக்கம் வெட்டினேன். சரியாக வந்தது. சரியாக வரவர அந்தப் பழைய தாளின் மூலை ஞாபகம் வந்தது... வாளி. அன்றைக்கு நான் அதை வாளி என்றேன். ஜிபெக் கேட்டாள், மேலதிகாரி அறையிலிருந்து வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று கேட்டாள், "மூலையில ஒரு கூம்பு வரைஞ்சிருந்தேனே, பாத்தியா?" "கூம்போ வாளியோ, யாருக்குத் தெரியும், உன் கை இடதையும் வலதையும் மாத்திடுச்சு, வாய மூடு." மூடினாள். அவள் எதையும் மாற்றவில்லை, ஜப்பான்காரன் போட்டதை மயிரிழை பிசகாமல் படியெடுத்திருக்கிறாள், கூம்பு உட்பட. அதன் அர்த்தம் அன்றைக்கே தெரியுமா அவளுக்கு, தெரிந்தும் விட்டாளா, இல்லை தெரியாமல்தான் கேட்டாளா...

போன் அடித்தது. ஜிபெக்தான். "கெழவா, கெழங்கு வெந்திருந்துச்சா?" "வெந்திருந்துச்சு." "தின்னியா?" "செதுக்கினேன்." "கிறுக்கா உனக்கு? சரி, சனிக்கிழமை என் தம்பி வீட்டு விருந்து, நல்ல சட்டையத் துவைச்சுப் போட்டிருக்கேன்." கெழவி, அந்தக் கூம்பு, என்று ஆரம்பித்தேன், என்ன கூம்பு என்றாள், ஒன்றுமில்லை என்றேன், வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா என்று வைத்துவிட்டாள். சனிக்கிழமை. இரண்டாவது கோப்பை முடிந்ததும் மச்சான் சொல்வான், பொண்டாட்டி கை இடது வலது மாத்துன கதையச் சொல்லு. முப்பத்தெட்டு வருஷமாக எல்லா விருந்திலும் சொல்கிறேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவள் டீ ஊற்றிக்கொண்டிருப்பாள், அவளும் சிரிப்பாள்... சிரிப்பாளா? நினைத்துப் பார்க்கிறேன், கிண்ணம் தெரிகிறது, கிண்ணத்தை நீட்டுகிற கை தெரிகிறது, முகம் மட்டும் வரவில்லை.