கிழமைக்கொரு கத்தி

கத்தியை மாற்றுகிறவனை நம்பக் கூடாது என்பது நாடக அரங்கில் திரை இழுக்கும் திரைக்காரரின் கட்சி. சட்டையை மாற்றலாம், செருப்பை மாற்றலாம், வசதி இருந்தால் வீட்டைக்கூட மாற்றலாம். பையில் கிடக்கிற மடக்குக் கத்தியை மாற்றுகிறவன் நாளைக்கு எதை மாற்றுவான் என்று யார் கண்டது? இப்படிப்பட்டவர் தன் ஒரே தங்கையை அப்படிப்பட்ட ஒருவனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது கத்தி விஷயம் தெரியாது. பெண் பார்க்க வந்தவனிடம் பாக்கெட்டைக் காட்டு என்றா கேட்க முடியும்?

அந்தத் தங்கை புருஷன் அதே நாடக அரங்கில் லைட்டுக்காரர். ஆள் நெடுநெடுவென்று ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பார். அவருக்குக் கிழமைக்கு ஒரு கத்தி. ஒன்றுக்கு மரப்பிடி, ஒன்றுக்குக் கொம்புப்பிடி, ஒன்றுக்கு அலகில் ரம்பம் மாதிரி பல். ஒன்றை நகத்தால் திறக்க வேண்டும், இன்னொன்றைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும், வேறொன்று பித்தானை அமுக்கினால் தானே துள்ளி எழும். ஞாயிற்றுக்கிழமைக்குக் கறுப்பாய், கனமாய், கோடாலி பெற்ற பிள்ளை மாதிரி ஒன்று வைத்திருந்தார். அன்றன்றைய கத்தி இடுப்பில் இருக்கும். மற்றவை எல்லாம் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பெட்டிக்குள் தூங்கும்.

"கத்திக்கும் ஓய்வு வேணும் மச்சான்" என்பார்.

"ஏன் மாப்ள, லீவு லெட்டர் குடுத்துச்சா?"

"ஒரே கத்திய வச்சு வாங்கு வாங்குன்னு வாங்குனா தேஞ்சுதான போகும்? உங்க கத்தியப் பாருங்க. பல்லு குத்தத்தான் லாயக்கு."

அதில் பொய்யில்லை. திரைக்காரரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வாங்கும்போது விரல் அகலம் இருந்த அலகு. சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து இப்போது கோரைப்புல் அகலத்துக்கு வந்திருந்தது. பிடியின் ஆணி ஆட்டம் கொடுத்து வருஷக்கணக்காகிறது. அதைத் திறப்பதற்கே தனிப் பக்குவம் வேண்டும். பிடியை ஒரு பக்கம் அழுத்தி, அலகைக் கொஞ்சம் சாய்த்து இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் வராது. அந்தப் பக்குவம் தன் கைக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் அவருக்கு அலாதி நிம்மதி. திருடிக்கொண்டு போனாலும் திறக்க முடியாதே.

"அண்ணே, அதுல கத்தி கொஞ்சம்தான் மிச்சம், பாக்கியெல்லாம் ஒன் பிடிவாதம்" என்பாள் தங்கை. நடிகர்களுக்கு உடுப்புத் தைப்பவள் அவள். நாக்கும் ஊசிதான்.

அந்தக் கத்தியை அவர் யாருக்கும் கொடுத்தது கிடையாது. ஒரு நூல் அறுக்கக் கேட்டாலும், "என்ன அறுக்கணும், இங்க கொண்டா" என்று தானே அறுத்துக் கொடுப்பார். உயிரைக் கேட்டால்கூட யோசித்திருப்பார். கத்தி என்றால் யோசிக்கவே மாட்டார், இல்லைதான்.

சரி, இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அன்றைக்கு மத்தியானம் அரங்கேறியது திரைக்காரரின் மகள் எழுதிய நாடகம். அரங்க வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பெண். கிழித்த நேரம் போக எழுதியிருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு போய் அரங்க முதலாளியம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. படித்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார்:

"ஒரு ஞாயித்துக்கிழமை தர்றேன். இடைவேளை வரைக்கும் சனம் ஒக்காந்திருந்தா, இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் ஒனக்கு. எந்திரிச்சுப் போச்சுன்னா நீ வாசலுக்கே போயிரு. மறுபடி பேப்பரத் தூக்கிட்டு ஏங்கிட்ட வரக் கூடாது."

மகள் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். திரைக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. நடிகர்கள் வசனத்தை மறப்பார்கள், கூட்டம் கொட்டாவி விடும், அந்த அம்மாள் சொன்ன வாக்கை முழுங்குவாள் என்றெல்லாம் ஓடியது. தன் கையில் இருப்பது திரை ஒன்றுதான், அதிலாவது ஒரு குறை வரக் கூடாது என்று காலையிலேயே ஏணியேறிக் கயிறு, கப்பி, முடிச்சு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். எல்லாம் சுத்தம்.

அவர் இறங்கிய பிறகு லைட்டுக்காரர் ஏறினார். அதுதான் வினையாகப் போயிற்று. மருமகள் நாடகமாயிற்றே, இன்னொரு விளக்கு போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று அவருக்கு ஆசை. மேலே, மேடைக்கு நேர் உச்சியில், இரண்டு பலகையைச் சேர்த்துப் போட்ட நடைபாதை ஒன்று உண்டு. அதை ஒட்டிக் குறுக்கே போகும் பைப்பில்தான் விளக்குகள் தொங்கும். திரையைத் தூக்கும் கயிறும் அந்தப் பைப்புக்குப் பின்னால்தான் ஓடும். புது விளக்கின் ஒயரை நைலான் கயிற்றால் பைப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார் லைட்டுக்காரர். ஒயரும் கறுப்பு, திரைக்கயிறும் அழுக்கேறிக் கறுப்பு. இரண்டையும் சேர்த்துக் கட்டியது அவருக்கே தெரியாது.

மணி அடித்தது. மேடை விளக்கெல்லாம் எரிந்தது. மகள் கண்ணை மூடித் திறந்து, "இழுங்கப்பா" என்றாள். திரைக்காரர் இழுத்தார். திரை எழுந்தது. முழங்கால் உயரம் எழுந்து நின்றுவிட்டது.

இன்னொரு முறை இழுத்தார். அசையவில்லை. கீழே விட்டுப் பார்த்தார். இறங்கவும் இல்லை. இழுத்த இழுப்பில் மேலே முடிச்சு இறுகி, கயிறு கல்லாகி விட்டது.

அரங்கு நிறைந்த கூட்டத்துக்குத் தெரிந்தது நடிகர்களின் கால்கள் மட்டும்தான். அதில் ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு சிரிப்பு கேட்டது, அப்புறம் பத்து, அப்புறம் ஒரு விசில். கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்த முதலாளியம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். திரையின் ஓரத்து இடுக்கு வழியாகத் திரைக்காரர் அதைப் பார்த்தார்.

"மேல சிக்கியிருக்கு" என்றார். லைட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது.

"மச்சான்... நான் ஒரு விளக்கு போட்டேன்."

"எப்ப?"

"நீங்க எறங்குனப்புறம்."

"பாவி மனுசா!"

அதற்கு மேல் திட்ட நேரமில்லை. கயிற்றைப் பக்கத்தில் நின்ற தங்கை கையில் திணித்தார். "புடி. சொல்றப்ப இழு. நடுவுல விட்றாத."

"புருஷனையே இத்தன வருஷமா விடாமப் புடிச்சிருக்கேன், கயித்தையா விட்ருவேன்? ஏறுண்ணே!"

மகள் நின்று அழுகிற ஜாதியில்லை. மேடை ஓரத்தில் மண்டிபோட்டு, நடிகர்களின் கால்களைப் பார்த்து அடிக்குரலில் சொன்னாள்: "யாரும் அசந்துறாதீங்க. காலாலயே சண்ட போடுங்க. புருஷன் லேட்டா வந்துட்டான். பொண்டாட்டி கேக்குறா. ம்!"

ஒரு ஜோடிச் செருப்பு டக் டக்கென்று மேடையைக் கடந்து வந்து நின்றது. எதிரில் ஒரு ஜோடி பூட்ஸ் மெல்லப் பின்வாங்கியது. செருப்பு ஓங்கி ஒரு மிதி மிதித்தது. பூட்ஸ் ஒற்றைக் காலில் துள்ளியது. கூட்டம் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. ஏணியில் பாதியில் இருந்த திரைக்காரருக்கு அது காதில் விழுந்தது. ஆனால் காலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்?

மேலே இரண்டு பேரும் பலகையில் குப்புறப் படுத்தார்கள். முடிச்சு பைப்புக்கு அந்தப் பக்கம் அடியில் இருந்தது. விளக்கின் வெளிச்சமெல்லாம் கீழே போக, அந்த இடம் கும்மிருட்டு. லைட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக் கத்தியை உருவி, கையை வளைத்து உள்ளே விட்டார்.

"என்ன?"

"உள்ள போகல மச்சான். நைலான் சதையில பதிஞ்ச மாதிரி ஒயர்ல பதிஞ்சு கெடக்கு. இந்த அலகு தடி."

"அழுத்தாத! ஒயர்ல கரன்ட் ஓடுது."

"அணைக்கச் சொல்லட்டுமா?"

"அணைச்சா சனம் எந்திரிச்சுப் போயிரும். கைய எடு, நான் பாக்குறேன்."

திரைக்காரர் தன் கத்தியைத் திறந்துகொண்டு கையை நீட்டினார். தொந்தி பலகையில் முட்டியது. கை பைப்பைத் தொட்டது, அதோடு சரி. இன்னும் ஒரு முழம் வேண்டும். எக்கிப் பார்த்தார், தோளைத் திருகிப் பார்த்தார், மூச்சை அடக்கி வயிற்றை உள்ளே இழுத்தும் பார்த்தார். எட்டவில்லை. கீழே பூட்ஸ்காரன் மூன்றாவது முறையாகத் துள்ளினான். இந்தத் தடவை சிரிப்பு பாதிதான் வந்தது.

அந்தக் கத்தியைக் கேட்கிற தைரியம் லைட்டுக்காரருக்கு இல்லை. நீளமான கையைச் சும்மா நீட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

திரைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். இந்தக் கைதான் இந்த முடிச்சைப் போட்டது. கிழமைக்கு ஒன்றாக மாற்றுகிற கை. ஒரு சறுக்கு சறுக்கினால் ஒயர் போகும், ஆளும் போவான். திரைக்கயிறு அறுந்தால் அந்தக் கனத்த திரை நடிகர்களின் தலையில்தான் இறங்கும். திரைக்கு மேலே இருந்த சந்து வழியாகப் பார்த்தார்: கடைசி வரிசையில் முதலாளியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

கத்தியை மடக்கி அந்தக் கையில் வைத்தார்.

"தொறக்குறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு மாப்ள. ஒரு பக்கமா அழுத்தி..."

சொல்லி முடிக்கவில்லை. க்ளிக் என்றது. கத்தி திறந்திருந்தது.

அத்தனை வருஷமாகத் திரைக்காரர் தன் கையைத் தவிர வேறு யாருக்கும் படியாது என்று நினைத்திருந்த கத்தி, தொட்ட மாத்திரத்தில் அந்த ஒட்டடைக் குச்சிக்குப் படிந்துவிட்டது! கோபம் வருவதற்குள் கை பைப்புக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

"போகுதா?"

"வெண்ணெய் மாதிரி. எடைவெளியே இல்லாத எடத்துல போகுது மச்சான். எந்தப் பக்கம் ரொம்பக் கூர்?"

"நுனிக்குக் கொஞ்சம் முந்தி. முதுக ஒயர் பக்கம் வச்சுக்க. ஒன் பக்கமா இழு. அழுத்தாத, அதுவே அறுக்கும்."

"ம்... ஒரு சுத்து போச்சு. இன்னொண்ணும் போச்சு." லைட்டுக்காரர் கடைசிச் சுற்றில் அலகை வைத்தார். "அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் தயாரா?"

"இழும்மா!" என்றார் திரைக்காரர் கீழே குனிந்து.

நைலான் டப்பென்று தெறித்தது. தங்கை முழு உடம்பையும் கொடுத்து இழுத்தாள். கப்பி கிறீச்சிட்டது. அந்தப் பெரிய சிவப்புத் திரை முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, முகங்களைத் தாண்டி, படுத்திருந்த இருவர் மூக்கிலும் தூசியை வாரி அடித்துக்கொண்டு ஒரே மூச்சில் மேலே வந்து நின்றது. அதுவரை காலை மட்டும் பார்த்திருந்த கூட்டம், அந்தச் செருப்புக்கும் பூட்ஸுக்கும் சொந்தக்காரர்களின் மூஞ்சியைப் பார்த்ததும் ஓவென்று கத்திக் கைதட்டியது. நாடகம் தொடங்கு முன்பே அப்படியொரு கைதட்டலை அந்த அரங்கு கண்டதில்லை.

முதலாளியம்மா நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். கைப்பையைக் கழற்றி மடியில் வைத்தார்.

மேலே இருந்தவர்களுக்கு இறங்க வழியில்லை. ஏணி கூட்டத்தின் கண்ணில் படும், மிதித்தால் சத்தம் வேறு போடும். இடைவேளை வரை அப்படியே குப்புறக் கிடந்தார்கள். திரைக்காரர் தன் மகளின் நாடகத்தை உச்சியிலிருந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்தது நடிகர்களின் வழுக்கையும், ஒட்டுமுடியின் தையலும்தான். அதுவே போதுமாக இருந்தது. ஒவ்வொரு சிரிப்பும் அடுப்புச் சூடு மாதிரி மேலே ஏறி வந்து அவர் வயிற்றில் பட்டது. ஓரிடத்தில் கூட்டம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. அந்த அமைதி சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

லைட்டுக்காரர் கத்தியை மடக்கி நீட்டினார்.

"எப்படித் தொறந்த?" என்று கிசுகிசுத்தார் திரைக்காரர்.

"தெனம் ஒண்ணத் தொறக்குறேன்ல. எந்தக் கத்தியும் கைய வச்சாச் சொல்லிரும், என்னை இப்படித் தொறன்னு."

"ம். கிழமைக்கு ஒண்ணு மாத்துனதுல அந்த ஒரு லாபம் இருக்கு போல."

"உங்க கத்தியாலதான் மச்சான் வேல நடந்துச்சு. என் பெட்டியில இருக்குற ஒண்ணும் அங்க நொழஞ்சிருக்காது. ஒரு வாரம் வச்சுக்கட்டுமா?"

"எட்டாவது கிழமைக்கா? குடு இங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பலகை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். கீழே ஒட்டுமுடிக்காரன் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான்.

இடைவேளையில் ஒருத்தர்கூட வீட்டுக்குப் போகவில்லை. நாடகம் முடிந்தபோது சனம் கைதட்டி ஓயவில்லை. திரையை இறக்கினால் மறுபடி தூக்கு என்று கத்துகிறார்கள், தூக்கினால் எழுந்து நின்று தட்டுகிறார்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு திரைக்காரரின் உள்ளங்கை காந்தியது. லைட்டுக்காரர் வந்து பின்னால் நின்று கயிற்றில் கை வைத்தார். திரைக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேருமாக இழுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். "ஒன் பொண்ணு எங்கய்யா? அடுத்த ஞாயிறுக்குப் போஸ்டர் அடிக்கணும், பேரு எப்படிப் போடணும்னு கேக்கணும்" என்றார்.

திரைக்காரர் அந்த அம்மாளிடம் அதுவரை தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குக் கயிற்றிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"மேடையில நிக்கிறா, கைதட்டு வாங்கிக்கிட்டு இருக்கா. முடியட்டும், கேளுங்க. இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, திரை வருது."