குகையில் வெட்டிய பிசிறு

தங்கதுரையின் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் செல்லத்தாயின் வலக்கைச் சுண்டுவிரல் எலும்பு, ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு, வெள்ளை நூலாகப் பிரிந்து நகக்கண் வழியே வெளியேறத் தொடங்கியது. வலி இல்லை. ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்த அந்த நூல், சன்னலைத் தாண்டி, பல்லடம் சாலையைக் கடந்து, வடகிழக்கு நோக்கிப் போயிற்று. லாரிகள் ஏறியும் அது அறவில்லை.

இதற்குக் காரணம் அவருடைய கைப்பழக்கம். தைத்து முடித்த பனியனை மேசையில் விரித்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சிறு கத்தரியால் நறுக்குவதே செக்கிங் பிரிவின் வேலை. அந்த விடுமுறையில் கம்பெனி தன் தொழிலாளரை ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள மலையில் ஒரு சுண்ணாம்புக் குகையைக் காண அழைத்துச் சென்றது. பேருந்து புறப்படும் வரை வேலை வாங்கியதால், கழுத்துக் கயிற்றில் தொங்கிய கத்தரியைக் கழற்றி வைக்கவும் அவருக்கு அவகாசம் தரப்படவில்லை. நிர்வாகம் இதை இன்றுவரை தன் தவறாக ஒப்புக்கொள்ளாதது கண்டிக்கத்தக்கது. குகைக்குள் வழிகாட்டி டார்ச் அடித்து, இது யானை, இது சிவலிங்கம், இது தாயும் சேயும் என்று பாறைகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டு போனார். கூரையிலிருந்து சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த நூல் போன்ற குழல் ஒன்று செல்லத்தாயின் கண்ணெதிரே தொங்கியது. யானையைப் பார்த்துக்கொண்டே அவர் அதை நறுக்கிவிட்டார். அந்தக் கணமே குகை முழுவதும் சொட்டுவது நின்றது.

"ஏனம்மிணி, கம்பெனில பிசிற உட்டுப்போட்டு சரக்கு ரிட்டன் வாங்கித் தர்றீங்க. இங்க வந்து சுத்தம் பண்ணச் சொல்லி ஆருங்க சொன்னது?" என்றார் தங்கதுரை. சிலர் சிரித்தனர்.

"நீட்டிக்கிட்டு இருந்துச்சு மொதலாளி, கை சும்மா இருக்கல" என்றார் செல்லத்தாய்.

அப்போது இருளின் உட்புறத்தில் ஏதோ ஒன்று மெல்ல மூச்சை உள்ளிழுத்தது. அதன் பின் எவரும் சிரிக்கவில்லை.

கார்த்திகைக்குள் சுண்டுவிரல் நனைந்த துணியாகத் துவண்டது. மார்கழியில் மோதிர விரலும் துவண்டது. எக்ஸ்ரே படத்தில் அவ்விரல்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மருத்துவர் சிந்திக்காமல் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை விழுங்கிய நாள்களில் நூல் இன்னும் விரைந்து ஓடியது. முழங்கைக்கும் விலா எலும்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று செல்லத்தாய் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார். அவருடைய கணவர் ஜெயபாண்டி பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் கத்தரியை எடுத்தபோது, செல்லத்தாய் அலறினார்.

"வெட்டாதய்யா! பனியன் துணியில ஒரு கண்ணி அறுந்தா முச்சூடும் ஓடிரும்ல? நானும் அப்படித்தான் ஓடிருவேன்."

"பெறகு என்னதான் செய்யச் சொல்லுத?"

"ஓடுன கண்ணிய அது அறுந்த எடத்துலயே கோத்துப் பூட்டணும்."

பொங்கல் விடுமுறையில் இருவரும் நூலைப் பிடித்துக்கொண்டே குகைக்குப் போயினர். உள்ளே ஒரு சொட்டு ஓசையும் இல்லை. உள்ளிழுத்த மூச்சு இன்னும் வெளிவிடப்படாமல் இருந்தது. வெட்டிய இடத்திலேயே நூலின் முனை ஒட்டியிருந்தது. செல்லத்தாய் வலக்கையை உயர்த்தி அங்கே வைத்தார். நடுவிரலும் பிரியத் தொடங்கியது. ஜெயபாண்டி அவருடைய தோளைப் பற்றி இழுத்தார். செல்லத்தாய் அசையவில்லை. "மூணையும் வச்சுக்க. இதோட விட்ரு" என்று இருளைப் பார்த்துச் சொன்னார். நெடுநேரம் கழித்து அவருடைய மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு எங்கும் சொட்டத் தொடங்கியது. நூல் தானாக முடிச்சிட்டுக்கொண்டது.

வெட்டிய இடத்தில் இப்போது மூன்று வெண்விரல்கள் கீழ்நோக்கி வளர்கின்றன. வழிகாட்டி டார்ச் அடித்து, இது யானை, இது சிவலிங்கம், இது செல்லத்தாய் என்கிறார். செல்லத்தாய் இடக்கையால் வேலை செய்கிறார். செக்கிங் பிரிவில் அனைவரும் ஒவ்வொரு பிசிறையும் தொட்டு, ஈரமில்லை என்று உறுதி செய்த பிறகே வெட்டுகின்றனர். தாமதமாகிறது என்று தங்கதுரை முதலில் சத்தமிட்டார். சென்ற வாரம் ஒரு பனியனின் தோள் தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூல் ஈரமாக இருந்தது. தங்கதுரையே வந்து தொட்டுப் பார்த்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அது கெடக்கட்டுமுங்க" என்றார். அந்தப் பனியன் பிசிறோடு மடிக்கப்பட்டு, மற்றவற்றுடன் பெட்டிக்குள் போயிற்று.