கூட உட்கார்ந்தவர்

சிக்கந்தர் ராவுத்தரின் மொபெட் சத்தம் வாசலில் கேட்டதும் தனபால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். விடிகாலையிலேயே குளித்தாயிற்று. ஆனாலும் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி நின்றார். தலை நரைத்த மனுஷன், சொந்த வீட்டில், சொந்தக் குழாயடியில் ஒளிந்து நிற்கும்படி ஆகிவிட்டதே என்று அவருக்கே கேவலமாக இருந்தது. வெளியே அவர் மனைவி கோமதி, "வாங்க ராவுத்தரே, உக்காருங்க. குளிச்சுட்டிருக்கறாருங்க, இப்ப வந்துருவாரு" என்று சொல்வது கேட்டது. அவர் குளிக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

கேரள எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரத்தில் தனபாலுக்கு இருக்கும் மாந்தோப்பை வருஷா வருஷம் குத்தகைக்கு எடுப்பவர் சிக்கந்தர். பூ விடுவதற்கு முன்பே பேச்சு முடிந்துவிடும். மருந்தடிப்பது, காவல், பறிப்பு, லாரி ஏற்றுவது எல்லாம் அவர் பாடு. போன பறிப்பின்போது ரமலான் வந்தது. பள்ளிவாசல் தூரம் என்பதால், சிக்கந்தரின் மகன் ஷஹீரும் காய் பறிக்கிற பையன்களும் சாயங்காலம் தோப்பின் காவல் குடிசையான சாளையிலேயே நோன்பு திறந்தார்கள். சிக்கந்தரின் மனைவி தூக்குப்போசி நிறையக் கஞ்சி கொடுத்தனுப்புவாள். ஒருநாள் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போன தனபாலை ஷஹீர் கையைப் பிடித்து, "மாமா, நீங்களும் உக்காருங்க" என்று ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். கஞ்சி அவருக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் பார்த்தால் தினமும் பொழுது சாயும் நேரத்துக்கு அவருக்குத் தோப்பில் ஏதாவது ஒரு சோலி முளைத்தது. "உங்களுக்குந்தான் நோம்பா?" என்று கோமதி கேலி செய்வாள்.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் வடக்கே அந்தத் தீவிரவாதத் தாக்குதல் நடந்தது. செத்தவர்களின் முகங்களை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தனபாலும் வயிறெரிந்துதான் பார்த்தார். பிறகு நெருப்பு இந்தப் பக்கமும் வந்தது. டீக்கடையில் பேச்சு மாறியது. சிக்கந்தரிடம் பழம் எடுத்த வியாபாரிகள் போனை எடுக்கவில்லை. ஏற்கெனவே தடை செய்யப்பட்ட ஓர் இயக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் தேட ஆரம்பித்தார்கள். ஷஹீர் அதன் ஊர்வலங்களில் கொடி பிடித்துப் போனவன். மார்க்கத்தின் பேரில் ஆட்சி வந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்று அவன் பேச, "ஏண்டா, நம்ம மார்க்கம் என்ன ஓட்டுப்பெட்டிக்குள்ளயா இருக்குது?" என்று சிக்கந்தர் சண்டை பிடித்ததைத் தனபாலே கேட்டிருக்கிறார். பையன் வாயாடிதான், சந்தேகமில்லை. ஆனால் தோப்பில் அவன் செய்ததெல்லாம் பழம் அடுக்கியதும் கஞ்சி ஊற்றியதும்தான்.

தனபாலைத் தேடி மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். தோப்பில் சாயங்காலம் பையன்கள் கூடுவார்களாமே என்று கேட்டார்கள். கூடுவார்கள் என்றார். எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு பேர். என்ன பேசுவார்கள்?

"எனக்கென்னுங்க தெரியும். அந்நேரத்துக்கு நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க."

முதல் இரண்டும் உண்மை. நோன்பு என்கிற சொல் பல்லு வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால், உனக்கெப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். மகன் கோகுல்நாத் மத்திய அரசுப் பரீட்சை பாஸாகி, வேலைக்கு முந்தைய போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்த நேரம் அது. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டார். அதே வாரம் ஷஹீரைக் கொண்டுபோனார்கள். எல்லைத் தோட்டத்தில் ரகசியக் கூட்டம் என்று டிவியில் ஓடியது. காட்டியது அவருடைய சாளையை.

இனியும் உள்ளே நின்றால் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சிக்கந்தர் எழுந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"உக்காருங்க ராவுத்தரே. தோப்புல பூ எடுத்துருச்சு. நானே வரலாம்னுதான்..."

"இந்த வருசம் எனக்கு வேண்டாமுங்க கவுண்டரே. அதைச் சொல்லீட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க. என்றெ பேருல எடுத்தா உங்களுக்கும் பொல்லாப்பு. வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க."

தனபாலுக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசும். அப்பாடா, அவ்வளவுதானா என்று தோன்றிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டார்.

"தம்பிக்கு ஜாமீன்?"

"ரெண்டு வாட்டி தள்ளீட்டாங்க. நோம்புக்குக் கூடுனாங்கன்னு நாங்க சொன்னா எடுபடலீங்க. எங்காளுக சொல்றதுதானே? வெளியாளு ஒருத்தரு கூட உக்காந்தாருன்னா ஜாமீன் கெடைக்கும்னாரு வக்கீலு." சிக்கந்தர் கோமதி கொடுத்திருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பிடி ஆருமில்லைன்னுட்டனுங்க."

கோமதி சமையலறை நிலையில் வந்து நின்றாள்.

"பயப்படாதீங்க. உங்க பேரை நாங்க ஆரும் சொல்லலீங்க. பையனை ராத்திரி முழுக்க நிக்க வெச்சு, வேற ஆரு வந்தா, வேற ஆரு வந்தான்னு கேட்டாங்களாம். சொல்லலையாம். மாமா பேரு வந்தராமப் பாத்துக்கங்க அத்தா, கோகுலுக்கு வேலை வர்ற சமயம்னு எங்கிட்டயும் சொன்னான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எவனோ சாளையைக் காட்டிக் குடுத்திருக்கறானுங்க. அவனும் புள்ளகுட்டிக்காரனாத்தான் இருப்பான். போயிட்டு வர்றனுங்க."

சிக்கந்தர் படியிறங்கிப் போனார். கோகுல்நாத்துக்கு வேலை உத்தரவு வந்து, ஊரெல்லாம் லட்டு கொடுத்தாயிற்று. கூட உட்கார்ந்தது நான்தான் என்று இப்போது போய்ச் சொன்னால், அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். வேலை போகுமோ, தானே உள்ளே போக வேண்டுமோ, எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பையன் இரவெல்லாம் கால் கடுக்க நின்று காப்பாற்றிய ஆள், அவனைக் காட்டிக்கொடுத்த ஆள்தான்.

கோமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல்தான் வெளியே ஓடினார் என்றும் சொல்லலாம். செருப்புக்கூடப் போடவில்லை. மொபெட் வேலிக் கடவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ராவுத்தரே!"

சிக்கந்தர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். திரும்பிப் பார்த்து, "என்னுங்க?" என்றார்.

தனபால் மொபெட்டின் பின் கேரியரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். என்ஜின் அணையவில்லை. அதன் நடுக்கம் உள்ளங்கை வழியாக ஏறி முழங்கை, தோள், தாடை வரைக்கும் வந்தது. சிக்கந்தர் அவர் முகத்தைப் பார்த்தார். கேரியரைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். பிறகு, வண்டியில் ஏறத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.