ஐம்பத்து நாலு கிலோவுக்கான காற்று

வானதி அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கத்தியால் கீறும்போதே செம்மொழிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், வானதியைவிட நன்றாகவே தெரியும். முன்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, நூற்று எழுபது மில்லிமீட்டர் அமுங்குகிற ஃபோர்க். பின்னால் நூற்று அறுபது. ஃபோர்க்கின் சாய்வு அறுபத்து நாலு டிகிரி. இரண்டு வருஷமாக அந்த அளவுப் பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்தால் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள்.

மலைச்சரிவில் இறங்குவதற்கென்றே செய்த சைக்கிள் அது. அந்த ரகத்தில் விலை குறைந்தது அதுதான். குறைந்தது என்றாலும் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். தஞ்சாவூர்ப் பக்கம் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் கேட்கலாம். இங்கே நிலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வாய்க்கால் தண்ணீருக்கு மட்டும் தெரிந்த விஷயம். சர்வேயர் வேலை பார்க்கும் செம்மொழிகூடக் கருவியை நட்டு வைத்துப் பார்த்துத்தான் சொல்வாள்.

ஆனால் அவளுக்குக் கொல்லிமலை இருந்தது. போன தை மாதம் அங்கே நடந்த சைக்கிள் போட்டியில் பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தாள். பின்னால் அமுங்கவே அமுங்காத, முன் ஃபோர்க் விறைத்து நிமிர்ந்து நிற்கிற தன் பழைய வண்டியில். நாலாவது வளைவில் முன்சக்கரம் பள்ளத்தில் சொருகி, ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து விழுந்து, எழுந்து வந்தும் இரண்டாவது. ஃபோர்க் இன்னும் ஐந்து டிகிரி சாய்ந்திருந்தால் சக்கரம் எனக்கு முன்னால் தள்ளி நின்றிருக்கும், நான் விழுந்திருக்க மாட்டேன் என்று வானதியிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். காகிதத்தில் கோணம் போட்டுக்கூடக் காட்டினாள்.

வானதி அந்த வண்டியைப் பற்றிச் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பரணிதரனிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். வண்டி வந்துவிட்டது. செம்மொழிக்கு அல்ல, வானதிக்கு.

வானதி கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் மிரட்டியதால், செம்மொழியோடு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதிக்க வந்தாள். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மேட்டில் இறங்கித் தள்ளுவாள், இறக்கத்திலும் இறங்கித் தள்ளுவாள். அவளுக்கு நூற்று எழுபது மில்லிமீட்டர்.

"நீதான்டி மாட்டித் தரணும். எது முன்னாடி, எது பின்னாடின்னே எனக்குப் புரியல" என்றாள் வானதி. "அப்புறம், வர்ற தை கொல்லிமலைப் போட்டிக்கு நீ இதையே எடுத்துட்டுப் போ."

"வேணாம்."

"எடுத்துட்டுப் போடி."

"பாப்போம்."

"என்ன பாப்போம்? எடுத்துட்டுப் போற, அவ்வளவுதான்."

வானதி அப்படித்தான். ஒரு இட்லியைக்கூட மூன்று தடவை வற்புறுத்தாமல் விடமாட்டாள். 'வேணாம்' என்று ஒருத்தி சொன்னால் அதை அவள் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எடுத்துக்கொண்டு போகலாம்தான். அங்கேதான் செம்மொழிக்கு நெருடியது. வானதி வீட்டு வயலில் ஒரு காலத்தில் நாற்றுப் பறித்தவர் அவள் அப்பா இராஜாங்கம். இன்றைக்கு அதே வயலில் ஒன்றரை ஏக்கர் அவர் பெயரில் பட்டா. அளந்து கல் நடும்போது மகளே கூட நின்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு மண்வெட்டியைக்கூட இராஜாங்கம் இரவல் வாங்கியதில்லை. செம்மொழிக்கு வேண்டியது இரவல் வண்டி இல்லை. தன் வண்டி. அந்தத் தன் வண்டி இப்போது அடுத்தவள் வீட்டு வராண்டாவில் பளபளவென்று நிற்கிறது, அதற்குத் தானே திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

வண்டியை மாட்டி முடித்ததும் காற்று வேலை. டயருக்கு அடிக்கிற காற்று வேறு. இந்த வண்டிக்கு ஃபோர்க்கிலும் பின்னால் அதிர்ச்சியைத் தாங்குகிற ஷாக்கிலும் ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி காற்று அடிக்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்தால் ஷாக் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அதிகம் அமுங்கினால் வண்டியின் பின்பக்கம் குந்திக்கொள்ளும், முன்பக்கம் ஆகாயத்தைப் பார்க்கும். அதற்கென்று தனிப் பம்ப் உண்டு. ஊரில் அது செம்மொழியிடம் மட்டும்தான் இருந்தது.

"எவ்வளவு எடை?"

"எழுபத்தாறு. எங்கம்மாகிட்டகூடச் சொல்லிடாத."

முன்பக்கத்துக்கு எழுபத்தாறுக்கே அடித்தாள். அதுவரை யோக்கியமாகத்தான் இருந்தாள். பின்பக்கம் பம்பை மாட்டும்போது சிங்கப்பூரிலிருந்து ஃபோன் வர, வானதி "வண்டி சூப்பர்ண்ணே" என்றபடி உள்ளே போனாள். செம்மொழி ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்க்க. கொஞ்சம் காற்றை இறக்கினாள். மறுபடி உட்கார்ந்தாள். ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று காட்டுகிற ரப்பர் வளையம் சரியாக அவளுடைய ஐம்பத்து நாலு கிலோவுக்கு வந்து நின்றது. அடடா, அது எவ்வளவு அழகாக நின்றது! பம்பின் அழுத்தமானியில் நூற்று இருபது. வானதியின் எடைக்கு நூற்று எழுபது வேண்டும். இன்னும் ஒரு ஐம்பது ஏற்றினால் போதும், ஒரு நிமிஷ வேலை.

வானதி திரும்பி வந்தபோது பம்ப் பைக்குள் இருந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொறாமைக்காரர்கள் எல்லோரும் அடுத்த வாரத்தில்தான் நல்லவர்கள்.

அடுத்த வாரம் வெண்ணாற்றங்கரையில் வானதி பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் குந்தியிருந்ததால் முன்சக்கரம் ஒரு பக்கமாக நிற்காமல் அலைந்தது. பெடல்கள் தரைக்கு அருகே தாழ்ந்து, சின்னக் கல்லில்கூட டொக் டொக்கென்று இடித்தன. நடவு முடிந்த சம்பா வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னடி இது, பழக்காத மாடு மாதிரி இழுக்குது?"

"பெரிய வண்டி. பழகணும்."

"நான்தான் சரியில்லையோ?"

செம்மொழி முன்னால் மிதித்துப் போனாள். இந்த வண்டி எனக்கு ஒத்துவராது, நீயே வாங்கிக்கோ என்று வானதி ஒரு நாள் சொல்வாள் என்ற நினைப்பு அதற்குள் மனசில் வேர்விட்டிருந்தது. பழைய வண்டி என்றால் விலையும் பாதிதான். இரவல் இல்லை, சொந்தம்.

ஐந்து ஞாயிறு போயிற்று. வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் மழை அறுத்த ஓடைகள் உண்டு. டெல்டாக்காரர்களுக்குக் கிடைத்த மலை அதுதான். அங்கே வானதி வண்டியைக் கொடுத்து, "நீ ஒரு தடவை இறங்கிக் காட்டேன்" என்பாள். செம்மொழி இறங்குவாள். அவளுக்குக் கீழே, அவள் எடைக்கே அடித்த காற்று கல்லையும் பள்ளத்தையும் விழுங்கிக்கொண்டு போகும். சக்கரம் முன்னால் தள்ளி நின்று வழி காட்டும். தன்னுடைய வண்டியில் பிரேக்கை விடப் பயந்த இடத்திலெல்லாம் விரலை எடுத்தாள். மேலே நின்று கைதட்டி வீடியோ எடுப்பது வானதிதான்.

அந்தக் கைதட்டல்தான் செம்மொழிக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சமாவது முகம் சுண்ட வேண்டாமா? தன் வண்டியை இன்னொருத்தி தன்னைவிட நன்றாக ஓட்டினால் யாருக்கும் சுருக்கென்று இருக்காதா? இவளுக்கு இல்லை. பொறாமைப்படுகிற அவசியமே இல்லாமல் பிறந்துவிட்டாளே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டாள்.

ஆறாவது ஞாயிறு வானதி, "இன்னிக்கு நானும் இறங்கறேன்" என்றாள்.

வேணாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். பம்ப் பையில் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. செம்மொழி ஹெல்மெட் வாரைச் சரிபண்ணி விட்டாளே தவிர, பையைத் திறக்கவில்லை.

பாதி ஓடையில் இடது பெடல் ஒரு வேரில் இடித்தது. வண்டி ஒரு பக்கம், வானதி ஒரு பக்கம். செம்மொழி ஓடிப்போய்த் தூக்கியபோது முழங்கை உரிந்து, தாடையில் ரத்தம் கோடு போட்டிருந்தது. அதோடு வானதி சிரித்தாள்.

"எனக்கு வராதுடி. பாவம் வண்டி, பெடல் வளைஞ்சுபோச்சு."

எலும்புக்கு ஒன்றுமில்லை. பெடலை நானே மாற்றித் தருகிறேன் என்று செம்மொழி எவ்வளவோ சொன்னாள். உன்னை எத்தனை வேலைதான் வாங்குவது என்று வானதி, சைக்கிள்களை ஏற்றி வந்த தன் காரை நேராகக் கீழவாசலில் சித்தீக் கடைக்கு விட்டாள். தஞ்சாவூரில் இந்த மாதிரி வண்டிகளைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் அவர். பெடலை மாட்டிவிட்டு, எதற்கும் பார்ப்போமே என்று வானதியை ஏறி உட்காரச் சொன்னார். குனிந்து ஷாக்கைப் பார்த்தார். வளையம் கடைசி வரை போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், கொஞ்சம் இறங்குங்க." தன் பம்பை மாட்டினார். "நூத்தி இருபதா? இது ஒரு ஐம்பத்தஞ்சு கிலோ ஆளுக்கு அடிச்ச காத்து. இத வச்சுக்கிட்டா மேட்டுல இறங்குனீங்க? பெடல் இடிக்காம என்ன செய்யும்? யாருங்க அடிச்சது?"

ஐம்பத்தைந்து கிலோ ஆள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

வானதி செம்மொழியைப் பார்த்தாள். பிறகு சித்தீக்கிடம் திரும்பி, "நான்தான் பாய்" என்றாள். "தெரியாம இறக்கிட்டேன்."

சித்தீக் நூற்று எழுபது ஏற்றிவிட்டு, ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னார். கடைக்குப் பக்கத்தில் சாக்கடை வேலைக்குக் கொட்டிய மண்மேடு இருந்தது. வானதி அதில் ஏறி இறங்கினாள். பின்பக்கம் நிமிர்ந்து நின்றது, முன்சக்கரம் அலையவில்லை. இறங்கின வேகத்தில் அவளுக்கே ஆச்சரியமாகி, காயம்பட்ட தாடையோடு வாயைத் திறந்து சிரித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அப்போதும் செம்மொழிக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. வயிற்றெரிச்சல்தான். வெட்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

"ஒரு பம்ப் குடுங்க பாய்" என்றாள் வானதி. "வீட்ல ஒண்ணு இருக்கட்டும்."

கார் புறவழிச்சாலை தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வந்தபிறகு செம்மொழி சொன்னாள். "காத்து நான்தான் வச்சேன். தெரிஞ்சுதான் வச்சேன்."

"தெரியுது."

"நீ கீழ விழுவன்னு நினைக்கல."

வானதி சாலையைப் பார்த்து ஓட்டினாள். "ஆறு வாரமா எனக்குத்தான் வரலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், மொழி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

இராஜாங்கம் வீட்டுத் தெருமுனையில் கார் நின்றது. புதுப் பம்ப் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. செம்மொழி இறங்கிக் கதவைச் சாத்தினாள். வானதி கண்ணாடியை இறக்கினாள்.

"கொல்லிமலைக்கு வண்டி வேணும்ல?"

கேட்டது பழைய வானதியின் குரல் மாதிரித்தான் இருந்தது. செம்மொழி அதை நம்பினாள். இன்னும் இரண்டு தடவை கேட்பாள், மூன்றாவதற்குச் சரி என்று சொல்லிவிடலாம், சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"வேணாம். என் வண்டியிலயே போய்க்கறேன்."

"சரி" என்றாள் வானதி, கண்ணாடியை ஏற்றினாள்.