அண்ணன் வீட்டு அம்பு

வில் போட்டி நாளன்று காலையில் மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். என் கணவர் தின்லேயின் அம்புகள் கூட்டோடு அப்படியே ஆணியில் தொங்கின. ஆள் மைதானத்துக்குப் போய்விட்டார், அம்பு வீட்டில் இருக்கிறது. எதை வைத்து எய்யப்போகிறார்?

கேட்கவும் வழியில்லை. போட்டிக்கு முந்தின இரவு எங்கள் ஊர் ஆண்கள் பெண்டாட்டி முகத்தில் விழிக்கமாட்டார்கள். அணி மொத்தமும் யாராவது ஒருவருடைய களஞ்சியத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். தின்லேயின் அண்ணன் சங்கேயின் மனைவி டெச்சேன் வெண்ணெய்த் தேநீர் கடைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசியாக எய்பவன் கிழக்கு வீட்டு அம்பை எடுத்தால்தான் ஜெயம் என்று ஜோசியர் சொன்னாராம். கடைசியாக எய்பவர் என் கணவர். கிழக்கு வீடு அவர்களுடையது.

சங்கே குள்ளம். தின்லே எங்கள் வீட்டு நிலைப்படியில் தினமும் தலையை இடித்துக்கொள்கிறவர். புது அம்புக்கு அளவெடுக்கும்போது மூங்கிலின் அடியை அவர் நெஞ்சில் வைத்துப் பிடிப்பது நான்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டுவார். விரல் நுனியைத் தாண்டி நாலு விரற்கடை விட்டுத்தான் வெட்டுவோம். நாணைக் காதுக்குப் பின்னால் வரை இழுக்கிற கை அது. அம்பு குட்டையாக இருந்தால் இரும்பு முனை வில்லுக்கு உள்ளே வந்துவிடும். அப்போது நாணை விட்டால் முனை பாய்வது வில் பிடித்த கையில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒருவருக்கு அப்படித்தான் இடது கட்டைவிரல் போனது. என் கணவரோ தச்சர்.

மைதானத்தில் எய்பவர்கள் பக்கம் பெண்கள் போகக்கூடாது. தள்ளி வரிசையாக நின்று ஆடிக்கொண்டே, சொந்த அணியைப் புகழ்ந்தும் எதிரணியைக் கேலி செய்தும் பாடுவதுதான் எங்கள் வேலை. அன்றைக்குப் பெண் கை பட்ட அம்பையும் தொடமாட்டார்கள். ஆகவே வேலி ஓரமாக நின்று சங்கேயைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"ஜோசியர் வாக்கு பொய்க்குமா? கொஞ்சம் கம்மியா இழுத்துக்குவான். நீ போய் ஆடு, போ."

கம்மியாகத்தான் இழுத்தார். அம்பு இலக்குக்கு எட்டாமல் புல்லில் செருகியது. எதிரணிப் பெண்கள் சும்மா விடுவார்களா? பார்க்கத்தான் ஆள் தேவதாரு மரம், பலமெல்லாம் முள்ளங்கி என்று பாடினார்கள். அடுத்த சுற்றில் கொஞ்சம் கூட இழுத்தார். அதற்கடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். நான் ஆடுகிறேன், வாய் பாடுகிறது, கண் மட்டும் அந்த இரும்பு முனையை விட்டு நகரவில்லை. அது அவர் விரல் முட்டியைத் தொட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வெளியே பாய்ந்தது. ஜோசியர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் கையை அங்கே வைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கடைசிச் சுற்று. தின்லேயின் அம்பு பட்டால் ஜெயம், படாவிட்டால் தோல்வி. தின்லே வெற்றிலையைத் துப்பிவிட்டு இடுப்புக் கச்சையை இறுக்கினார். அவருடைய தாடை ஒரு பக்கமாக இறுகுவதைப் பார்த்தேன். எனக்குத் தெரியாதா அந்த முகம்? இந்தத் தடவை முழுசாக இழுக்கப்போகிறார்.

எங்கள் வரிசை அவரைப் புகழ்ந்து பாட வேண்டிய நேரம். நான் முந்திக்கொண்டு, தொண்டை கிழிய வேறு பாட்டை எடுத்தேன்.

"மரக்கிளை மாதிரி கையாம்,
மண்வெட்டிப் பிடி மாதிரி குட்டை அம்பாம்!
அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு
தம்பி சபைக்கு வந்தாரு, பாருங்கடி!"

சொந்தப் பெண்டாட்டியே புருஷனை மைதானத்தில் கிண்டலடித்தது எங்கள் பள்ளத்தாக்கில் அதுவரை நடந்ததில்லை. எங்கள் பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எதிரணி விழுந்து விழுந்து சிரித்தது. தின்லே வில்லை இறக்கினார். முகமெல்லாம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"எதுடி குட்டை?" என்று அம்பின் அடியை நெஞ்சில் வைத்து, எல்லோரும் பார்க்க இரண்டு கையையும் நீட்டினார்.

முனை உள்ளங்கையைக்கூடத் தாண்டவில்லை.

முதலில் சிரிப்பை நிறுத்தியது எதிரணிக்காரர்கள்தான். சங்கே தரையைப் பார்த்தார். தின்லே வெகு நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வில்லை எடுத்து, பாதி இழுத்து விட்டார். அம்பு புல்லில் விழுந்தது. நாங்கள் தோற்றோம்.

திரும்பும் வழியில் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. டெச்சேன் எனக்குக் கேட்கும்படியே காறித் துப்பினாள். தின்லே எங்களுக்கெல்லாம் முன்னால், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வீட்டில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். சோறும் மிளகாய்ப் பாலாடைக்கட்டிக் குழம்பும் வைத்தேன். தொடவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன்.

"ஊர் முன்னால என் கையை மரக்கிளைன்னு பாடிட்டியே" என்றார் கடைசியில்.

"இருக்கிற கையைத்தானே பாடினேன்" என்றேன்.

அவர் காலிக் கிண்ணத்தைச் சாராயத்துக்காக என் பக்கம் நீட்டினார், வில் பிடித்த அதே இடது கையால்.