நடுவில் மட்டும் தள்ளாதே

"டார்ச்சை ஆட்டாதீங்க! கையில நெருப்பு வச்சிருக்கேன்!"

"நான் எங்க ஆட்டுறேன்? கை தானா ஆடுது."

மணி இரண்டு நாற்பது. நான்கு மணிக்குப் பரீட்சை. பரீட்சைக்குப் போக வேண்டிய எலெக்ட்ரிக் கிட்டாரோ வயிறு பிளந்து, ஒயர்கள் குடல் மாதிரி வெளியே தொங்க, சாப்பாட்டு மேஜையில் மல்லாந்து கிடந்தது. சால்டரிங் அயர்னோடு அதன்மேல் குனிந்திருந்தவள் லிஃப்ட் மெக்கானிக். டார்ச் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டவர் அவள் கணவர், தபால்காரர்.

பதினோரு வருஷமாக லிஃப்டுகளோடு மல்லுக்கட்டிய கை அவளுடையது. பன்னிரண்டாம் மாடிக்கும் பதிமூன்றாம் மாடிக்கும் நடுவே ஒன்பது பேர் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு யோசனை கத்தும்போதுகூட அது நடுங்கியதில்லை. தபால்காரர் எதிர்ப்பதம். வீட்டில் ஒரு பல்பு மாற்றினால் மூன்று நாள் அதைப் பற்றிப் பேசுவார்.

ஆனால் கிட்டாரைத் தோளில் மாட்டிவிட்டால் அவர் வேறு ஆள். கஷ்டமெல்லாம் அந்தக் கிட்டாரால்தான்.

வான நீலத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும். கடையில் இருந்ததிலேயே மலிவானது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு இரண்டு வியாதி. பாதிப் பாட்டில் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். அது போதாதென்று, வாசிக்காமல் சும்மா நின்றாலும் உறுமும். போன மாதம் மின்வாரிய ஊழியர் மன்ற விழாவில் அவர் மேடையேறி ஒயரைச் செருகியதும், முன்வரிசையிலிருந்து மூன்று பேர் எழுந்து, எங்கேயோ மின்கசிவு என்று மெயின் ஸ்விட்சைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்.

அன்றைக்கே இசைக்குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அவர் தொழில் டிரைவிங் ஸ்கூல். பேச்செல்லாம் வண்டிப் பேச்சுதான்.

"வண்டியில சத்தம் வந்தா சரி பண்ணணும். முடியலையா, வண்டியை மாத்தணும். சனிக்கிழமை டவுன் ஹால் கச்சேரி. வியாழக்கிழமை நாலு மணிக்கு வாசிச்சுக் காட்டுங்க. என் அக்கா மகனும் வாசிப்பான். இருக்கிறது ஒரு சீட்டுதான்."

இரண்டு வருஷமாகத் தபால்காரர் உட்கார்ந்திருந்த சீட்டு அது. நாள் முழுக்க ஊராருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதருக்கு, அவர் பெயருக்கென்று வாரா வாரம் வருகிற ஒரே தபால் அந்த ஒத்திகைதான். அது போனால் அவர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதம் சோபாவில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை" என்பார்.

"புதுசா வேற வாங்கிடலாமா?" என்று கேட்டவரை அவள் ஒரே அடியில் மடக்கினாள். "எதுக்கு? கட்டை கல்லு மாதிரி இருக்கு. உள்ளே இருக்கிறதுதான் குப்பை. குப்பையை எடுத்துட்டு நல்ல சரக்கைப் போட்டா, லட்ச ரூபாய்க் கிட்டாருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அப்படித்தான் வந்து சேர்ந்தன, கம்பியை இறுக்கும் ஆறு புதுச் சாவிகளும், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பித்தளையில் ஒரு கனத்த பிரிட்ஜும், இரண்டு பிக்கப்களும். பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் ஒளிந்திருந்து, அவை அதிர்வதை ஒட்டுக்கேட்டு ஸ்பீக்கரிடம் போட்டுக்கொடுக்கும் காந்தக் கட்டி. கடையில் ஜோடியாக இல்லை. ஒரு கம்பெனியில் ஒன்று, இன்னொரு கம்பெனியில் ஒன்று. "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காரட்டும் சார், ஒண்ணும் சண்டை வராது" என்று கட்டிக் கொடுத்துவிட்டார் கடைக்காரர்.

எல்லாவற்றையும் நேற்றே முடித்திருக்கலாம். நேற்று என்று பார்த்து ஒரு துணிக்கடை லிஃப்ட், நான்கு பேரை உள்ளே வைத்துக்கொண்டு அடம்பிடித்தது.

இப்போது அவள் கை பறந்தது. புதுச் சாவிகளுக்குத் துளை பத்தவில்லை. உருண்டை அரத்தால் ராவி உள்ளே தள்ளினாள். பிரிட்ஜின் திருகுகள் ஒரு மயிரிழை விலகி நின்றன. பல்குச்சியைப் பசையில் தோய்த்துப் பழைய துளைகளை அடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். உறுமல் உள்ளே வராதபடி குழி முழுவதும் செப்புப் பட்டை ஒட்டினாள். கடைசியாகப் பிக்கப்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை ஒயர், ஒரு வெள்ளை ஒயர். இரண்டு பச்சையையும் எர்த்தில் சேர்த்து, இரண்டு வெள்ளையையும் சுவிட்சுக்குக் கொண்டுபோய், சொட்டுச் சொட்டாக ஈயம் வைத்து ஊதினாள்.

மூன்று முப்பதுக்கு வயிறு மூடியது. மூன்று முப்பத்தைந்துக்குக் கம்பிகள் ஏறின.

"மாட்டுங்க. வாசிங்க."

தபால்காரர் சுவிட்சை மேலே தள்ளி ஒரு மீட்டு மீட்டினார். அறை நிறைந்தது. உறுமல் போன இடம் தெரியவில்லை. கீழே தள்ளி மீட்டினார். கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு கூர்மை. சாவிகள் அசையவில்லை, சுருதி நின்றது.

"மெக்கானிக்கம்மா, நீ தெய்வம்!"

சுவிட்சை நடுவில் விட்டார். நடுவில் விட்டால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பாட வேண்டும்.

பாடியது. ஜலதோஷம் பிடித்த கொசு போல.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மறுபடி மீட்டினார். மறுபடி கொசு.

அவள் குனிந்து, தரையில் கசங்கிக் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். இரண்டாவது பிக்கப்பின் அட்டைப்பெட்டிக்குள் வந்தது. பிரித்தாள். உச்சந்தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

"என்ன?"

"லிஃப்டுல பச்சைன்னா எர்த். கண்ணை மூடிக்கிட்டு முறுக்குவோம். இந்தக் கம்பெனிக்காரன் பச்சையில சத்தத்தை அனுப்புறான், வெள்ளையை எர்த்னு வச்சிருக்கான். படம் போட்டுச் சொல்லியிருக்கான். நான்தான் படிக்கல."

"அப்படின்னா?"

"ஒரு பீரோவை ரெண்டு பேர் நகர்த்தணும். ஒருத்தர் இந்தப் பக்கமிருந்து தள்ளறார், இன்னொருத்தர் அந்தப் பக்கமிருந்து தள்ளறார். எப்படி நகரும்? தனித்தனியா நல்லாத்தான் இருக்கும். சேர்ந்தா ஒண்ணையொண்ணு அமுக்கிக்கும்."

"மாத்திடு!"

"கம்பியை எல்லாம் கழட்டணும், மூடியைத் திறக்கணும், திரும்ப மாட்டினா அரை மணி. இப்ப மணி என்ன?"

மூன்று நாற்பத்தொன்று. தபால்காரருக்கு வியர்த்தது. அவள் அவர் தோளைப் பிடித்து, லிஃப்டில் மாட்டியவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேசும் குரலில் சொன்னாள். "இங்க பாருங்க. மேலே ஒரு சத்தம், கீழே ஒரு சத்தம், ரெண்டும் தங்கம். நடுவுல மட்டும் தள்ளாதீங்க. அவ்வளவுதான்."

"தெரியாம கை பட்டுடுச்சுன்னா?"

"படாது."

ஸ்கூட்டரில் அவள் ஓட்ட, பின்னால் கிட்டாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் ஒவ்வொரு சிக்னலிலும் அதையே கேட்டார். மூன்றாவது சிக்னலில் அவள் திரும்பி முறைத்தாள். பிறகு கேட்கவில்லை. ஆனால் ஏதோ யோசித்துக்கொண்டே வந்தார்.

டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறைதான் ஒத்திகை இடம். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். 'ஒலி எழுப்பாதீர்' என்ற படத்துக்கு நேர் கீழே ஸ்பீக்கர். மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்யும் மூலையில் ஒரு கனத்த திரை தொங்கியது.

முன் பெஞ்சில் நாத்தனார் காத்திருந்தாள். தபால்காரரின் தங்கை, பகலில் மருந்துக்கடை, மற்ற நேரம் குழுவின் பாடகி.

"வாங்க அண்ணி. ஆபரேஷன் சக்ஸஸா? பேஷன்ட் பிழைச்சாரா?"

"பிழைச்சாச்சு. கொஞ்சம் பத்தியம் இருக்கணும்."

"அங்க பாருங்க, நம்ம பளபளா வந்தாச்சு."

தலைவரின் அக்கா மகனுக்கு நாத்தனார் வைத்த பெயர் அது. அவனிடம் எல்லாமே பளபளக்கும். ஷூ, கைக்கடிகாரம், பல்வரிசை. வெல்வெட் விரித்த பெட்டியிலிருந்து அவன் எடுத்த கருஞ்சிவப்புக் கிட்டாரைப் பார்த்ததும் மெக்கானிக் மனசுக்குள் அதன் விலையைக் கூட்டிப் பார்த்தாள். ஆனால் பையனைக் குறை சொல்ல முடியாது. நேரே அவளிடம் வந்து நீலக் கிட்டாரைக் காட்டி, "அக்கா, எல்லாம் நீங்களே மாத்தினீங்களாமே? பிரிட்ஜ் எல்லாம் கலக்கலா இருக்கு!" என்றான். பொய்யாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

தலைவர் கைதட்டினார்.

"கேட்டுக்கோங்க. அக்கா மகனுக்குச் சலுகை காட்டினேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. தோக்கடிச்சேன்னு எங்க அக்காவும் சொல்லக் கூடாது. அதனால ரெண்டு பேரும் திரைக்குப் பின்னால போங்க. யார் முதல்னு நீங்களே பேசிக்கோங்க. ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. எனக்குத் தெரியப்போறது நம்பர் ஒண்ணு, நம்பர் ரெண்டு, அவ்வளவுதான். கேட்டுட்டு ஒரு நம்பர் சொல்லுவேன். அந்த நம்பர்ல வாசிச்ச ஆளுக்கு சீட்டு. சொன்னப்புறம் ரிவர்ஸ் கிடையாது."

திரை மூடியது. உள்ளே குசுகுசுவென்று பேச்சு. ஒரு சிரிப்பு. ஒயர் செருகும் சத்தம்.

"நம்பர் ஒண்ணு!"

கிட்டார் எழுந்தது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டாள். கொழுகொழுவென்று, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சத்தம். நாத்தனார் பாட ஆரம்பித்தாள். கிட்டாரின் கனத்துக்குமேல் ஏறிக் குரல் கொடுக்க, கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டியிருந்தது. இரண்டாவது சரணம் திரும்புகிற இடத்தில் வாசிப்பு அரை மூச்சு பிந்தியது. வீட்டில் இவரும் அங்கேதான் தடுக்குவார். பணக்காரக் கிட்டாரானாலும் அந்தத் திருப்பம் யாரையும் விடாது போலிருக்கிறது என்று அவள் கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டாள்.

தலைவரின் வலது கால் வழக்கம்போல, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே வந்த பழக்கம். பாட்டு எங்கே இடித்தாலும் கால் அழுந்தும்.

"நம்பர் ரெண்டு!"

முதல் மீட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி உடைகிற கூர்மை. நம்முடையது. தன் கையால் ஈயம் வைத்தது. நெஞ்சு நிமிர்ந்தது. முன்னிசை முடிந்து நாத்தனார் வாயைத் திறக்கப் போகும்போது, திரைக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

சுவிட்ச்.

கொசு வந்துவிட்டது.

'ஐயோ, நடுவுலயா தள்ளினீங்க!' மெக்கானிக் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தாள். வேறு எந்தப் பக்கமும் தள்ளாமல் அங்கேயே நின்றது சுவிட்ச். மெலிந்த, மூக்கால் பேசுகிற, உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். பதினோரு வருஷத்தில் அவள் முறுக்கிய ஒயர் ஒன்றுகூட அவளைச் சபையில் இப்படித் தலைகுனிய வைத்ததில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும். அதற்காக இன்றைக்கா சறுக்க வேண்டும்?

பிறகுதான் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

கழுத்து நரம்பைக் காணோம். கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் ரகசியம் சொல்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கிட்டார் கீழே ஒரு மெல்லிய கோடாக ஓட, குரல் அதன்மேல் நடந்து போயிற்று. தலைவரின் வலது கால் அசையாமல் இருந்தது.

பாட்டு முடிந்தது. தலைவர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"முதல் ஆள் நல்லா வாசிச்சார். ஆனா பாட்டு மேலயே ஏறி உக்காந்துட்டார். ரெண்டாவது ஆள் பாருங்க, குரல் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டார். அந்தச் சத்தத்தை எங்க பிடிச்சாரோ தெரியல. ரெண்டு வருஷமா உங்க நாத்தனார் என்ன வார்த்தை பாடறாங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. ரெண்டாம் நம்பர்!"

மெக்கானிக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. நாத்தனார் கட்டிக்கொண்டாள். ஆனால் லிஃப்டுக்காரிக்கு எதையும் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற பழக்கம் உண்டே. திரை திறந்ததும், தோற்றது சொந்த அக்கா மகன் என்று தெரிந்தால் தலைவரின் மனசு இளகிவிட்டால்?

"சார், அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"என்னம்மா, என்னை நம்பலையா?"

"நம்பறேன். எழுதிக் கொடுத்துட்டா இன்னும் நல்லா நம்புவேன்."

"அண்ணி!" என்று நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

தலைவர் சிரித்தபடி, எல்.எல்.ஆர். விண்ணப்பம் ஒன்றின் பின்பக்கத்தில், 'சனிக்கிழமைக் கச்சேரி: இரண்டாம் நம்பராக வாசித்தவர். இது இறுதி முடிவு' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். அவள் விடவில்லை. மேஜைமேல் இருந்த ஸ்கூல் முத்திரையை எடுத்து அவரிடம் நீட்டினாள். முத்திரையும் விழுந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப திறங்க!"

நாத்தனார் ஓடிப்போய்த் திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள்.

வான நீலக் கிட்டார் முன்னால் வந்தது. அதை மாட்டியிருந்த தோள் பளபளாவுடையது. அவன் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கருஞ்சிவப்புக் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு, மனைவி இருக்கும் பக்கத்தைத் தவிர அறையின் மற்ற எல்லாப் பக்கத்தையும் பார்த்தபடி தபால்காரர்.

"அக்கா, நடு சுவிட்ச் சத்தம் சூப்பர்! வேணும்னே அப்படி ஒயர் போட்டீங்களா?" என்றான் பளபளா.

"தம்பி," அவள் கை சட்டைப் பையின் பொத்தானுக்குப் போனது. "என் கிட்டார் எப்படி உன் கைக்கு வந்தது?"

"நானா கேட்கல அக்கா. உள்ளே போனதும், 'உன்னோடதை நான் வாசிக்கிறேன், என்னோடதை நீ வாசி'ன்னு கெஞ்சினது அண்ணன்தான்."