இரண்டுக்கு முன்னால் மூன்று

எனக்குச் சினிமா பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக எங்கள் கொங்கார்னோ துறைமுக ஊர்த் திரைப்படக் கழகத்துக்குப் படம் ஓட்டுபவன் நான்தான். ஆனாலும் ஒரு படத்தைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்தது கிடையாது. எனக்குப் பிடித்தது அந்த இயந்திரம். வாரநாட்களில் மீன்பிடிப் படகுகளில் மின்சார வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, மாதா கோயில் கூடத்தில் படம் ஓட்டும் வேலை. படம் ஓடும்போது என் காது மோட்டார்ச் சத்தத்தில்தான் இருக்கும். திரையில் யார் யாரைக் கட்டிப்பிடித்தால் எனக்கென்ன?

சினிமாப் பைத்தியம் பிடித்தவள் என் மனைவி ஆர்மெல். அதுவும் பழைய படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கழகத்தில் இருக்கிற மற்றவர்கள் எல்லாம் பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், பத்திர எழுத்தர் என்று படித்த கூட்டம். அவர்கள் விவாதிக்கும்போது இவள் வாயே திறக்க மாட்டாள். பேச வேண்டியதை எல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம் பேசுவாள். உருளைக்கிழங்கோடு சேர்த்து என்னையும் உரிப்பாள்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. செப்டம்பர் மாதம் உறுப்பினர்கள் பெயரை எல்லாம் ஒரு மாலுமித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எட்டுப் பேரை எடுப்பார்கள். எட்டுப் பேரும் ஆளுக்கொரு பழைய படத்தைப் பரிந்துரைக்க வேண்டும். பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. படம் தொடங்குமுன் திரைக்கு முன்னால் தனியாக நின்று, இதை ஏன் பார்க்க வேண்டும் என்று பேச வேண்டும். படம் முடிந்ததும் விவாதம். அதற்கப்புறம் வாசலில் இருக்கும் வாளியில் ஆளுக்கொரு சிப்பி ஓட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். பார்க்க வேண்டிய படம் என்றால் வெள்ளை ஓடு, வீண் என்றால் கறுப்பு. கறுப்பு அதிகம் விழுந்தால் அந்த ஆளின் பெயர் ஐந்து வருடத்துக்குத் தொப்பிக்குள் போகாது.

ஆர்மெலின் பெயர் ஒன்பது வருடம் வரவே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று செப்டம்பரில் வந்தது. அன்று அவள் வீடு வரைக்கும் என் கையை விடவில்லை.

அவள் சொன்ன படம் "ஏழு மணிப் படகு". முப்பத்து மூன்றில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பதினாலு வயதில், அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு, ஐந்து தடவை பார்த்தாளாம். கழகத் தலைவர் கெர்மாரெக், உயர்நிலைப் பள்ளியில் தத்துவம் நடத்துகிறவர், பெயரைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தினார்.

"அது சும்மா அழுகைப் படமாச்சேம்மா? பெரிய ஆளுங்க படம் எவ்வளவோ இருக்கே."

"இதுதான் வேணும் வாத்தியாரே" என்றாள் என் மனைவி. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பிப்ரவரியில் அவளுடைய ஞாயிறு வந்தது. காலையிலிருந்தே மழை. நீலக் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தவள், கிளம்பும்போது அதை அடுப்பில் போட்டுவிட்டாள்.

"ஏன்டி?"

"எழுதினா பள்ளிக்கூடத்துப் புள்ள ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. வர்றது வரட்டும்."

கூடத்தில் நாற்பது பேர். படம் நாலு ரீல். ஒரே இயந்திரம்தான், அதனால் ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். என் வேலை முறை இது: முன்னால் நின்று ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது நாலு ரீலையும் பெட்டியிலிருந்து எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் எண் சீட்டைப் பார்த்து, மேசையில் வரிசையாக அடுக்கிவிடுவேன். அதற்குப் பிறகு யோசிக்க மாட்டேன். கை தானாகப் போகும்.

ஆர்மெல் திரைக்கு முன்னால் போய் நின்றாள். கழுத்துத் துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சின்னவளாக அவளை நான் பார்த்ததே இல்லை. கடவுளே, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் திறந்தாள்.

"எனக்குப் பெரிய வார்த்தையெல்லாம் தெரியாது. இந்தப் படத்துல ஒருத்தன் தப்புப் பண்றான். அவன் பொண்டாட்டி மன்னிக்கிறா. அவ்வளவுதான் கதை. ஆனா உடனே மன்னிக்கல. மூணு நாள் கதவைத் திறக்காம உக்காந்திருக்கா. அந்த மூணு நாளை மட்டும் பாருங்க. என் வயசுக்கு எத்தனையோ படம் பாத்துட்டேன். ஒரு மனுஷி மனசு கொஞ்சம் கொஞ்சமா இளகுறதை இப்படி யாரும் காட்டல. அதுக்காகத்தான் பாக்கச் சொல்றேன்."

அவ்வளவுதான். போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கை தட்டியவர்களில் முதல் ஆள் நான்தான். விளக்கை அணைத்து முதல் ரீலை ஓட விட்டேன்.

இரண்டு மாற்றம் நடந்தது. இரண்டாவது தடவை, ஓடி முடித்த ரீலைக் கழற்றும்போதுதான் அதிலிருந்த சீட்டு கண்ணில் பட்டது. மூன்று. மேசையில் மிச்சம் இருந்தது இரண்டும் நாலும்.

அவள் பேசும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சீட்டைப் பார்க்காமல் அடுக்கித் தொலைத்திருக்கிறேன்! முன்வரிசையில் ஆர்மெல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னவோ கேட்க வந்து கேட்காமல் விட்ட பார்வை. மறுபடி திரும்பிக்கொண்டாள். நான் என்ன செய்ய? இரண்டை மாட்டினேன். பிறகு நாலு.

கதை இதுதான். கடலோர ஊரில் படகோட்டி ஒருவன். இரண்டாவது ரீலில், பிள்ளைத்தாய்ச்சி மனைவிக்கு வலி எடுத்த அன்று, சீட்டாட்டத்தில் உட்கார்ந்து, வீட்டுக்குத் திரும்ப வேண்டிய ஏழு மணிப் படகை விட்டுவிடுகிறான். அவள் தனியாகப் பிள்ளை பெறுகிறாள். மூன்றாவது ரீலில் அவன் வாசலில் மூன்று நாள் நிற்கிறான். கைக்குழந்தையோடு அவள் கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் அவன் முன்னால் சூப்பை வைக்கிறாள். நான் ஓட்டிய லட்சணத்தில், செய்யாத தப்புக்கு அவன் வாசலில் நின்றான், கையில் பிள்ளையோடு அவள் மன்னித்தாள், அப்புறம் வயிறு வீங்கி நின்றாள், அதற்கும் பிறகுதான் அவன் சீட்டாடப் போனான்.

மணி நாலேமுக்கால். விளக்கைப் போட்டேன். இப்போது செருப்பு பறக்கும் என்று நினைத்தேன்.

கெர்மாரெக் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் தோத்துட்டேன். அழுகைப் படம்னு சொன்னது என் முட்டாள்தனம். முப்பத்து மூணுலயே காலத்தை இப்படி உடைச்சுப் போட்டிருக்கானே! மன்னிப்பு முதல்ல, குற்றம் அப்புறம். என்ன துணிச்சல்!"

"அந்தக் குழந்தை?" என்றாள் மருந்துக்கடை சோலாஞ். "பொறக்கறதுக்கு முன்னாடியே மடியில இருந்துச்சே. அது அவளோட ஏக்கம், இல்லையா?"

"ஏக்கம் இல்லம்மா, எதிர்காலம்" என்றார் பத்திர எழுத்தர்.

"ரெண்டும்தான்" என்று தீர்ப்புச் சொன்னார் கெர்மாரெக். குறிப்பே ஐந்து பக்கம் எழுதியிருந்தார். இருட்டில் எப்படித்தான் எழுதினாரோ. ஆளாளுக்கு எழுந்து நின்று பாராட்டினார்கள். மீன் விற்கிற பெரின் மட்டும் குழம்பிப்போய் விரல்விட்டு மாதக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கெர்மாரெக் ஆர்மெலிடம் வந்து குனிந்து கையில் முத்தமிட்டார். ஒன்பது வருடத்தில் அந்த மனிதர் அவளுக்குக் கையே கொடுத்ததில்லை.

"சொல்லுங்க மதாம். இந்த வரிசை இருக்கே, அது உங்களை எப்படிப் பாதிச்சுது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு படத்தில் ஆறு அடி நீள ஃபிலிமைப் பொசுக்கியிருந்தேன். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் இயந்திரத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகக் கெர்மாரெக் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த இயந்திரம் இல்லாமல் எனக்கு ஞாயிறு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"ஆமா வாத்தியாரே" என்றாள் மெதுவாக. "துணிச்சலான படம்."

ஒன்பது வருடம் காத்திருந்து, அம்மாவிடம் அடி வாங்கிப் பார்த்த படத்தை, அந்த மூன்று நாளை, எனக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வாசலில் அவளுக்கு வாளி நிறைய வெள்ளை ஓடு காத்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என்னால் முடியவில்லை ஐயா.

"துணிச்சலாவது மண்ணாவது!" என்று கத்தினேன். நாற்பது தலையும் திரும்பியது. "ரீலை மாத்தி ஓட்டிட்டேன். ரெண்டுக்கு முன்னாடி மூணு. நீங்க பாத்தது அவ சொன்ன படமே இல்ல. அவ சொன்னது நல்ல படம். கெடுத்தது நான்."

"அப்படிப் போடு! நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பத்திர எழுத்தர்.

"நீங்க எதிர்காலம்னு சொன்னீங்க" என்றாள் சோலாஞ்.

"நீ ஏக்கம்னு சொல்லலையா?"

"ஏன்யா ஃபான்ஷ், படகுலயும் இப்படித்தான் ஒயரை மாத்தி மாத்திக் கொடுக்கறியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். சிரிப்பு கிளம்பியது. ஆர்மெல் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவமானப்படுத்தியது அவளையா அவர்களையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது பெரின் எழுந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் புள்ள எப்பதான் பொறந்துச்சு? எனக்கு அது தெரியாம வீட்டுக்குப் போக முடியாது. கூடம் ஏழு மணி வரைக்கும் நமக்குத்தானே?"

எல்லோரும் கெர்மாரெக்கைப் பார்த்தார்கள். மனிதர் காது வரை சிவந்திருந்தார். கையிலிருந்த ஐந்து பக்கத்தையும் பார்த்தார். நாலாக மடித்தார். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு நாற்காலியின் காலுக்கடியில் அதைச் செருகினார். அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. அதில் உட்கார்ந்து, "ரெண்டாவதுலேருந்து போடு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஆளைப் பிடித்தது.

பாதிப் பேர் ஓடு போடாமலே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாளியில் விழுந்த வெள்ளையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இருந்த பத்தொன்பது பேரில் பதினாலு. வாளி நிறையவில்லை. அந்தப் பதினாலையும் ஆர்மெல் கழுவி, சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறாள். இயந்திரமும் என்னிடமே இருக்கிறது, இனி ரீல் அடுக்குவது மட்டும் ஆர்மெல் என்ற நிபந்தனையோடு.

அன்று மறுபடி ஓட்டத் தொடங்கும்போது அவள் முன்வரிசைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். மேசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டை என் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"இது என்ன?"

"ரெண்டு."

"இது?"

"மூணு. போதும்டி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

இரண்டு ஓடியது. அவன் சீட்டாடினான், படகு போனது, அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடந்தாள். பெரின் "பாவி!" என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். எனக்கு என்னையே திட்டியது போல இருந்தது.

"ஆர்மெல்" என்றேன் காதோடு. "என்னை மன்னிச்சிட்டியா?"

"அவனுக்கு மூணு நாள் ஆச்சு. உனக்கு இப்பதானே ரெண்டாவது ரீல் ஓடுது" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

மூன்றை மாட்டினேன். வாசலில் அவன் நின்றான். உள்ளே அவள் பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ஜன்னல் திரையை விலக்கினாள், மூடினாள். மறுநாள் மூடவில்லை. மூன்றாம் நாள் சூப்புக்கு ஒரு கிண்ணம் கூடுதலாக எடுத்து வைத்தாள். அவ்வளவுதான் படம். வேறொன்றும் நடக்கவில்லை. முன்வரிசையில் கெர்மாரெக் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நானும் மோட்டார்ச் சத்தத்தை மறந்து திரையைப் பார்த்தேன். கதவு திறந்தது. எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் திரும்பினேன். திரை வெளிச்சத்தில் அவள் முகம் பதினாலு வயசுக்காரி முகமாக இருந்தது. கன்னமெல்லாம் ஈரம். நீலத் துணியை அவிழ்த்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, என் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

"என்னைப் பாக்காத" என்றாள். "ரீலைப் பாரு."